பரிசீலனையில் இருக்கும் ஒன்பது அடி

மகனே,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ அனுப்பிய பதில் கிடைத்தது. அத்தைக்கு வழி விட்டுக்கொடுப்பது பற்றி அன்று மத்தியானம் வாட்சாப்பில் நீளமாக எழுதிக் கேட்டிருந்தேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தப்பு வந்த இடத்தை அழித்து மறுபடி தட்டி, முக்கால் மணி நேரம் ஆயிற்று. நீ மூன்று சொல்லில் முடித்துவிட்டாய்: "லுக்கிங் இன்டு இட்." போன மாதம் கேட்டபோது "வொர்க்கிங் ஆன் இட், அப்பா" என்று வந்தது. ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது நேரிலேயே கேட்டேன். "அது ப்ராசஸ்ல இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியைத் தேடப் போய்விட்டாய். உன் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். "இது உங்களுக்க மகன்தான். ஒரு சம்சயமும் வேண்டாம்" என்று சொல்லி, போனை மேசைமேல் வைத்துவிட்டு மரச்சீனிக் கிழங்கு வெட்டப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது போய்விட்டது.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே தெளிகிறது. நம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது உன் அத்தை வீடு. எனக்கு ஒரே தங்கை. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் நெய்யாற்றின்கரையில் அவளுக்கு டயாலிசிஸ். ஆட்டோ பஞ்சாயத்து ரோட்டில், நம் மதிலுக்கு வெளியே நின்றுவிடும். அங்கிருந்து அவள் வீட்டுக்கு நம் மதிலை ஒட்டி இரண்டடி நடைவழிதான் உண்டு. நடுவில் நான்கு படி. முன்பு நடந்து வந்தாள். இப்போது முட்டில் பலமில்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வருகிறார்கள். நம் இடத்தில் மேற்குப் பக்கம் ஒன்பது அடி விட்டால் ஆட்டோ அவள் முற்றம் வரை போகும். அந்த இடம் இன்றைக்கு உன் பெயரில் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் நீ அயர்லாந்துக்குப் போகிறாய். போன பிறகு கையெழுத்து வேண்டுமென்றால் அதற்கு ஒரு பவர் பத்திரம், அதற்கு ஒரு தூதரக முத்திரை, அதற்கு ஓர் அப்பாயின்ட்மென்ட் என்று ஆகிவிடும். இதுதான் விஷயம். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் சமாதானமாகிவிடுவேன். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

நான் எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தேன் என்று இதில் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். அங்கே என் மேசை எதற்காக இருந்தது என்பது உனக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து தமிழில் வருகிற மனுக்களைப் படிக்க அந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது நான். மனு தமிழில் வரும், கோப்பில் குறிப்பு மலையாளத்தில் எழுதுவோம், மனுதாரருக்குப் பதில் ஆங்கிலத்தில் போகும். எங்கள் பிரிவில் அதுதான் வழக்கம். ஏன் அப்படி என்று நானும் கேட்டதில்லை, மனு கொடுத்தவர்களும் கேட்டதில்லை. தமிழும் மலையாளமும் வீட்டிலும் கடையிலும் பேசுவது, ஆங்கிலம் சர்க்கார் பேசுவது என்று அவர்களுக்கே ஒரு மரியாதை இருந்தது. கவரைப் பிரித்து ஆங்கிலத்தைப் பார்த்ததுமே பாதிக் காரியம் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மனுவுக்கு, "இது இந்த அலுவலகத்தால் செய்யக்கூடியதல்ல" என்று நேரடியாகப் பதில் எழுதிக் கொண்டுபோனேன். சூப்பிரண்டு அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எடோ, பற்றில்ல என்னு எழுதியால் அவன் மேலே அப்பீல் போகும். பரிசோதிச்சு வருன்னு என்னு எழுதியால் எவிடெ போகும்?" என்று கேட்டார். அதாவது, முடியாது என்று எழுதினால் அந்த ஆள் மேலிடத்துக்குப் போவான், கோப்பு கேட்டு வருவார்கள், நமக்குத் தலைவலி. பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதினால் அவனுக்குப் போக இடம் கிடையாது. பிறகு அவரே என் காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினார். யுவர் பெட்டிஷன் இஸ் அண்டர் ஆக்டிவ் கன்சிடரேஷன் அண்ட் நெசசரி ஸ்டெப்ஸ் ஆர் பீயிங் டேக்கன். நல்ல கையெழுத்து அவருக்கு. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் படித்த எனக்கு, இப்படி ஒரு வாக்கியம் என் பேனாவிலிருந்து வரப்போகிறது என்பதே பெருமையாக இருந்தது. இரண்டே வருடத்தில் சூப்பிரண்டை மிஞ்சிவிட்டேன். ஒரே கோப்புக்கு ஏழெட்டு வருடம், ஒரு பதில் மாதிரி இன்னொன்று இல்லாமல், எந்தப் பதிலிலும் ஒன்றும் சொல்லாமல் எழுத என்னால் முடிந்தது. மற்ற பிரிவுக்காரர்களே வந்து கேட்டு எழுதி வாங்கிப் போவார்கள்.

தங்கையன் அண்ணாச்சியை உனக்கு நினைவிருக்கும். குன்னத்துகால் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாம் வீடு வந்ததும் வருவாரே, உயரமாக, எப்போதும் நனைந்த மாதிரி ஒட்டிக்கிடக்கும் தலைமுடியோடு. நீ அவருக்கு "கவர் மாமா" என்று பெயர் வைத்திருந்தாய். மறு அளவையின்போது அவருடைய நிலத்தில் ஒரு பகுதி வேறொருவர் சர்வே எண்ணில் சேர்ந்துவிட்டது. வரி கட்டப் போனபோதுதான் தெரிந்தது. திருத்தித் தரச் சொல்லித் தமிழில் மனு கொடுத்தார். அதைத் திருத்தும் அதிகாரம் எங்கள் அலுவலகத்துக்குக் கிடையாது. அது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் மனுவை வாங்கி எண் போட்டுவிட்டோம். எண் போட்டால் பதில் அனுப்ப வேண்டும். பதிலை நான் எழுதுவேன், கீழே அதிகாரி கையெழுத்திடுவார். கவர் அவர் வீட்டுக்குப் போகும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அலுவலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் அதே கவரைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வருவார்.

"சாரே, இது ஒண்ணு வாசிச்சுச் செல்லணும்" என்பார். நான் எழுதியதை நானே முதல்முறை பார்க்கிறவன் மாதிரி வாங்கிப் படிப்பேன். "காரியம் நடந்துக்கிட்டு இருக்கு. நிங்க பேடிக்காண்டாம்" என்பேன். அவர் முகம் தெளிந்துவிடும். "நடக்குது இல்லியா, அது போதும்" என்பார். அம்மா கொடுக்கிற கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு, கவரை வேட்டிமடிப்பில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போவார். ஒரு தடவை மழையில் கடிதம் நனைந்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது எல்லாக் கடிதங்களையும் லாமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். என் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் இருந்தன. உன் அம்மா அன்று அடுப்படியில் வைத்துக் கேட்டாள்: "எதுக்கு அந்த மனுசனை இப்பிடி இழுக்குதிய? ஆகாதுண்ணா ஆகாதுண்ணு செல்லிற வேண்டியதுதானே?" உனக்கு ஆபீஸ் காரியம் புரியாது என்று அவள் வாயை அடைத்தேன். அவளுக்குப் புரிந்த அளவுக்கு எனக்குப் புரிந்திருக்கவில்லை.

அந்த நாட்களில்தான், உனக்கு ஒன்பது வயதிருக்கும், அம்மா கிணற்றடியிலிருந்து "எலே, குளிக்க வா" என்று கத்த, நீ வாசலில் உட்கார்ந்தபடியே "குளிக்கிற காரியம் அண்டர் கன்சிடரேஷன், அம்மா" என்று பதில் கொடுத்தாய். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் அலுவலகத்தில் நான் அதைச் சொல்லாத மேசை இல்லை. பிள்ளைக்கு என்ன புத்தி என்று பெருமைப்பட்டேன். நீ அன்றைக்குக் குளித்தாயா இல்லையா என்று நினைவில்லை.

பதினோரு வருடம், மகனே. ஒரே மனுவுக்குப் பதினோரு வருடம் நான் பதில் எழுதினேன். பிறகு எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் அதிகாரி வந்தார். இன்றைக்கு உனக்கு இருக்கிற வயதைவிட இரண்டு குறைவாக இருக்கும் அப்போது அவருக்கு. நான் லீவில் இருந்த ஒரு நாள் தங்கையன் அண்ணாச்சி நேராக அவர் அறைக்குள் போய்விட்டார். அந்தப் பெண் கோப்பை வரவழைத்துப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் மலையாளத்திலேயே சொல்லிவிட்டது: இது இங்கே நடக்காது, எந்தக் காலத்திலும் நடக்காது, இந்த மனுவை இன்ன அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று. அவர் அங்கே போனார். எட்டு மாதத்தில் நிலம் திரும்ப அவர் எண்ணுக்கு வந்துவிட்டது.

நல்ல பெரிய ஏத்தன் வாழைக் குலை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் நம் வீட்டுக்கு வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். எப்படியும் இரண்டு வார்த்தை கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குலையை இறக்கிவைத்து, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "சாரே, அந்தக் கொச்சுப் பொண்ணு ஒற்ற வாக்கில செல்லிச்சு, இது இங்க நடக்காதுண்ணு. இத்தற வருசமா ஒருத்தரும் எனக்கு இது செல்லித் தரல்ல, கேட்டியளா. நிங்க ஒருத்தர் ஆக்கும் எனக்கு வேண்டி உள்ள இருந்து கஷ்டப்பட்டது. ஒவ்வொரு லெட்டரும் நிங்க வாசிச்சுத் தந்ததாக்கும்" என்றார். அந்தக் கடிதங்களை எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. கீழே இருந்த கையெழுத்து வேறு ஆளுடையது. சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "நல்லா இருங்க அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டேன். குலை பழுத்து வீடெல்லாம் மணந்தது. நீ கல்லூரி விடுதியிலிருந்து வந்து பாதியைத் தின்றாய். எனக்கு ஒரு பழம்கூட இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

வேலையில்தான் இப்படி இருந்தேன் என்றால் ஓய்வு பெற்ற அன்றோடு போயிருக்கும். வீட்டிலும் இருந்தேன். உன் அத்தைக்கு நான் செய்தது தங்கையன் அண்ணாச்சிக்குச் செய்ததைவிட மோசம், ஏனென்றால் அங்கே சூப்பிரண்டைக் கைகாட்டலாம், இங்கே எனக்கு மேலே யாரும் இல்லை. தாத்தா இடத்தைப் பிரித்தபோது ரோட்டுப் பக்கம் மூத்தவனுக்கு என்று எனக்கு வந்தது, பின்பக்கம் அவளுக்கு. அவள் முகம் சுளிக்கவில்லை. அப்போது கார் ஏது, ஆட்டோ ஏது, நடந்துபோகிற காலம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, மாமா உயிரோடு இருந்தபோது, கிழக்குப் பக்கத்தில் குடியிருந்த வாத்தியார் தன் இடத்தில் வழி விட்டு விலைக்குத் தருவதாகச் சொன்னார். அத்தை அவரிடம் போகாமல் முதலில் என்னிடம் வந்தாள். "அண்ணா, கிழக்க உள்ள சாரு வழி தாறேண்ணு செல்லுதாரு. நீ தருவியெங்கில் உனக்க பக்கம் மதி, அது போதும். இல்லெங்கில் நான் அவருகிட்ட விலைக்கு வேண்டட்டு. தருவியா மாட்டியா?" என்று கேட்டாள். எவ்வளவு நேரான கேள்வி பார். எனக்குக் கொடுக்க மனசில்லை. அந்த மேற்குப் பக்கத்தில் பலாப்பழம் காய்க்கிற பிலாவு நின்றது, பின்னால் நீ வீடு கட்டினால் கார் நிறுத்த இடம் வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, ஒன்பது அடி போனால் ரோட்டு முகப்பு சுருங்கிவிடும் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் தங்கைக்கு வழி கொடுக்காதவன் என்ற பேர் எடுக்கவும் மனசில்லை. "நீ எதுக்கு பிள்ளே அவசரப்படுதே? நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அவள் நம்பினாள். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்தவரிடம் காசு கொடுத்து வழி வாங்கினால் அண்ணனுக்குக் குறைச்சல் என்று மாமாவிடம் சொன்னாளாம். வாத்தியார் ஒரு வருடம் காத்திருந்தார். பிறகு மகனுக்கு அங்கே மாடிவீடு கட்டிவிட்டார். எல்லைக்கல் வரை சுவர் வந்துவிட்டது. நான் அன்றைக்கு மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் இரண்டு நாள் அழுதிருப்பாள், ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்திருப்பாள், ஆனால் அவள் முற்றத்தில் ஆட்டோ வந்திருக்கும். நல்லவனாகவே இருந்து அவளுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தேன். மாமா இறந்தபோது பெட்டியை அந்த இரண்டடியில் சாய்த்துத்தான் ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்காவது படியில் உன் தோள் மதிலில் உரசிச் சட்டை கிழிந்தது. அன்றைக்கு அத்தை என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே கொடுத்திருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம் அதிகம். மூன்று வருடங்களுக்கு முன்பு வீட்டையும் இடத்தையும் உன் பெயருக்கு எழுதி வைத்தேனே, வெளிநாட்டு வேலைக்குச் சொத்து காட்ட உதவும் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் பத்திர ஆபீசில் ஆதாரம் பதிந்துவிட்டு வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது, என் மனசில் முதலில் வந்தது உன் முகம் அல்ல. இனி அத்தை கேட்டால், "இடம் அவன் பெயரில் இருக்கிறது, அவனிடம் கேட்கணும்" என்று சொல்லலாமே என்ற நிம்மதிதான். கோப்பை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு மேசையைத் துடைப்போமே, அந்த நிம்மதி. இருபத்தொன்பது வயதுப் பிள்ளையை என் மேலிடமாக ஆக்கி, என் தங்கை காரியத்தை அவன் தலையில் கட்டினேன். நீ இன்று பதில் சொல்லாமல் தள்ளுகிறாய் என்று நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் கொடுத்த கோப்பு, நான் பழக்கிய பதில்.

இனி வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. அதை நான் வாட்சாப்பில் எழுதவில்லை. எழுதினால் நீ பயந்து உடனே சரி என்றுவிடுவாய், பயந்து தருவது வேண்டாம் என்று அத்தை தடுத்துவிட்டாள். இப்போது அவளிடம் கேட்காமல்தான் எழுதுகிறேன். அந்த நடைவழியில் இரண்டு பேருக்குமேல் சேர்ந்து தூக்க முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். விடியற்காலையிலிருந்து மழை. பக்கத்து வீட்டு ரப்பர் வெட்டுகிற அனியும் அவன் தம்பியும்தான் எப்போதும் தூக்குவார்கள். இரண்டாவது படியில் அனிக்குக் கால் வழுக்கி, நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்து, அத்தை மதிலில் மோதி விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு நான் குடைகூட எடுக்காமல் ஓடினேன். டயாலிசிஸ் ஊசி குத்துகிற கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கிடந்தாள். அந்தக் கை போனால் எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். நான் அனியைத் திட்ட வாயெடுத்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. பிள்ளைகளைத் திட்டாத அண்ணா. மழை ஆக்கும்" என்றாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று டயாலிசிஸ் செய்த ஆஸ்பத்திரியிலேயே பார்த்துச் சொன்னார்கள், இடது பக்கம் முழுக்க நீலம் பூத்திருக்கிறது. அனிக்கு மணிக்கட்டு பிசகி, இன்னும் இரண்டு வாரம் எதையும் தூக்க முடியாது.

சாயங்காலம் உன் பதில் வந்த பிறகு அவளைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "மோன் என்ன செல்லியான்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பு அவளே பேசினாள். "நான் செல்லுதேன், கேளு அண்ணா. மோள் பாலராமபுரத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிடுதா. வீட்டு வாசல்ல ஆட்டோ வரும். மோன் வழி தருவானெங்கில் நான் இங்க கிடப்பேன். இல்லெங்கில் இந்த வீட்டைப் பூட்டிட்டுப் போறேன். எனக்கு ரெண்டும் சரியாக்கும். எதுண்ணு தெரிஞ்சா மதி." பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கேட்ட அதே நேர் கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் பாத்துக்கிட்டு இருக்கான் பிள்ளே" என்றேன். சொல்லி முடிக்கும்போதே என் காதில் விழுந்தது. அவள் "சரி" என்றாள். தங்கையன் அண்ணாச்சி சொல்வாரே, அது போதும் என்று, அந்தக் குரலில் சொன்னாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கிண்ணத்தில் கஞ்சி விளம்பினாள். எனக்கு அழுகை வந்தது. உன் அப்பா அழுது நீ பார்த்ததில்லை, உன் அம்மா பார்த்தாள்.

எனக்கு என்ன ஆசை என்று ஒளிக்கப்போவதில்லை. நீ கொடுக்க வேண்டும். பிலாவை நான் வெட்டச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிடாதே, உன் மரம் அது, தொடவில்லை. ஆதாரம் எழுதுகிறவரிடம் வழிக்கான பத்திரத்தை எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், உன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு வேலைநாள் நீ இங்கே வந்தால் போதும். காலை ரயிலில் இறங்கினால் மத்தியானத்துக்குள் காரியம் முடிந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

ஆனால் உனக்கு மனசில்லை என்றால், அதிலும் தப்பில்லை. ஒன்பது அடி போனால் நாளைக்கு விற்கும்போது விலை குறையும் என்று நீ நினைக்கலாம். வயதான காலத்தில் இங்கே வந்து வீடு கட்டும் எண்ணம் இருக்கலாம். என் குற்ற உணர்ச்சிக்கு உன் இடம் ஏன் போக வேண்டும் என்றுகூடத் தோன்றலாம், அது நியாயமான கேள்வி. காரணம் சொல்ல வேண்டாம். மாட்டேன் என்று மட்டும் எழுது. அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் அத்தை ஒரே வாரத்தில் பாலராமபுரம் போய்விடுவாள், அடுத்த மழைக்கு மகள் வீட்டில் பத்திரமாக இருப்பாள். நீ மாட்டேன் என்றால் நான் உன்னை வெறுக்கப்போவதில்லை. அவளும் மாட்டாள். நீ "பார்க்கிறேன்" என்றால்தான் அவள் இங்கேயே இருப்பாள், அந்தப் படியிலேயே ஏறி இறங்குவாள்.

எந்தப் பதிலானாலும் தமிழில் எழுது. நீட்டி எழுத வேண்டாம். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, நான்தான் படித்துச் சொல்ல வேண்டும், இந்த முறை உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அவளைக் கொண்டுபோக வேண்டும். பின்னால் பிடிக்க அனியின் தம்பி உண்டு. முன்னால் பிடிக்க ஆள் இல்லை, நான் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இடுப்பு வலியோடு இது என்ன வேலை என்று அம்மா சத்தம் போடுகிறாள், போடட்டும். முன்னால் பிடிப்பவன் ரோடு வரை பின்புறமாகவே நடக்க வேண்டும், முகத்தை அவளைப் பார்த்து வைத்துக்கொண்டு. அவள் வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை அறுபத்திரண்டு அடி. நேற்று அளந்து பார்த்தேன். அவ்வளவு தூரமும் அவள் கண் என் முகத்திலேயே இருக்கும். மோன் என்ன செல்லியான் என்று கேட்பாள்.

அப்பா